பெயின்ட்டுக்குப் போன சூசையப்பர்

'இந்த வார முயற்சி: பொய் சொல்லாதிருத்தல்' என்று டீச்சர் வராந்தாக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்னால் அலுவலக அறைக்குள் சிஸ்டர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"இல்லையே சார். உங்க பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்கே வரலை."

டீச்சரின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது.

குருவி வந்திருந்தாள். காலையில் மணி அடிப்பதற்கு முன்பே, முதுகில் பையோடு, சிஸ்டரின் பின்னால் வராந்தாவில் போனதை டீச்சரே பார்த்தாள். வகுப்புக்குத்தான் வரவில்லை.

தண்டனையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சிஸ்டரின் தண்டனைகள் பள்ளி முழுக்கப் பிரசித்தம். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினால் இறக்கிவிட மறந்துபோகிறவர். குருவியும் லேசுப்பட்டவள் இல்லை. பாட்டு மாஸ்டர் மகளாகப் பிறந்துவிட்டு, தவக்காலப் பாட்டுக்கு வாயையே திறக்காமல் நிற்பாள். போன வாரம் அதற்காக அவளை அலுவலகத்துக்கு அனுப்பியதே டீச்சர்தான்.

அறைக்குள் பாட்டு மாஸ்டரின் குரல் கம்மியது.

"வீட்டுலயும் இல்ல, இங்கயும் இல்லன்னா பிள்ளை எங்க சிஸ்டர் போயிருப்பா? அவங்க அம்மா காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி தொடாம கிடக்கிறா."

"தெரியலையே சார்."

பங்குக் கோயிலில் சிலுவைப்பாதைக்குப் பாடுகிறவர் அவர். போன வெள்ளிக்கிழமை அந்தக் குரலைக் கேட்டு டீச்சர் கைக்குட்டையைத் தேடினாள். அப்படிப்பட்ட மனுஷரிடம் சிஸ்டர் கண்ணிமைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

டீச்சர் பலகையைப் பார்த்தாள். தவக்காலம், ஐந்தாம் வாரச் செய்திகள். சிற்றாலயப் புனிதர் சொரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்தப்பட்டது. வெள்ளியன்று சிலுவைப்பாதை, மைதானத்தில். முதலில் 'சிற்றாலயத்தில்' என்றுதான் எழுதியிருந்தாள். சிஸ்டர் வந்து அழித்து மாற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னதைச் செய்யுங்க டீச்சர்."

அது இன்று காலை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சிற்றாலயத்துக்கு ஒத்திகைக்குப் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்த பிறகு.

"டீச்சர், பெயின்ட்டுக்குப் போன சூசையப்பர் திரும்பி வந்துட்டாரு."

"அதுக்குள்ளயா? சொரூபத்துக்குப் பெயின்ட் காயவே ஒரு வாரம் ஆகும்னாங்களே."

"ஆனா குட்டையாயிட்டாரு டீச்சர்."

"தவக்காலம்ல. சாப்பிடாம இளைச்சிருப்பாரு" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"வாய்கிட்ட துணி உள்ள போய் உள்ள போய் வருது டீச்சர்."

"ஜன்னல் காத்துடா" என்று அதட்டி அனுப்பியிருந்தாள். இப்போது அது காற்றாகத் தோன்றவில்லை. பெஞ்சு போதாமல், சிஸ்டர் ஒரு பிள்ளையைத் துணியால் மூடிப் பீடத்தில் நிறுத்தியிருக்கிறார். பெற்ற தகப்பனிடம் வரவில்லை என்று சொல்கிறார்.

"சேப்பல்ல ஒரு தடவை பார்த்துடட்டுமா சிஸ்டர்? ஜெபம் பண்ண எங்கயாவது உக்காந்திருப்பா" என்றார் பாட்டு மாஸ்டர்.

"பூட்டியிருக்கு சார். சாவியைத் தேடணும்."

டீச்சர் உள்ளே போனாள். "ஒத்திகைச் சாவி என்கிட்ட இருக்கு சிஸ்டர்."

சிஸ்டர் அவளைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"நீங்க கிளாசுக்குப் போங்க டீச்சர்."

"ஒரு நிமிஷ வேலைதான்."

"நல்லாயிருப்பீங்க டீச்சர்" என்றார் பாட்டு மாஸ்டர்.

பட்டப்பகல். ஆனாலும் கதவைத் திறந்ததும் மூவரும் வாசலிலேயே நின்றார்கள். சுவரோரம் வரிசையாக ஊதா உருவங்கள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மடிப்புகளோடு. எதற்கும் கண் இல்லை. எல்லாம் இவர்களையே பார்ப்பதுபோல் இருந்தது.

காலியாக இருக்க வேண்டிய சூசையப்பர் பீடத்திலும் ஒன்று நின்றது. வாயருகே துணி உள்ளே போனது. வெளியே வந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது.

பாட்டு மாஸ்டர் நேராக நடுவில் போய், பலிபீடத்துக்கு முன் முழங்காலிட்டு, நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பெயின்ட்டுக்குப் போன சொரூபத்தைப் பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. டீச்சர் சூசையப்பர் பக்கம் நடந்தாள். வாசலில் சிஸ்டர் அசையவில்லை.

துணியைப் பிடித்து இழுக்க டீச்சர் கை நீட்டினாள்.

"குருவி" என்று பாட்டு மாஸ்டர் கூப்பிட்டார், மண்டியிட்டபடியே. வெள்ளிக்கிழமைக் குரல். கூரை வரை போய் இறங்கியது. "அப்பா வந்திருக்கேன்டா. அப்பாவுக்குக் கோபமே இல்ல. சத்தம் போடாம வந்துடு."

துணியின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு மெல்லிய கோடாகப் பீடத்தில் வழிந்து, தரைக்கு வந்து, டீச்சரின் செருப்பைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

துணிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சின்னப் பிள்ளைகளோடு வருஷக்கணக்காக இருக்கிறவள். அது என்னவென்று டீச்சருக்குத் தெரியும். எந்தப் பயத்தில் வரும் என்றும் தெரியும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

பாட்டு மாஸ்டர் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்தார்.

டீச்சர் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, பீடத்தின் அடியில் சரித்தாள். தண்ணீர் பரவியது. தன் வெள்ளைப் பேன்ட் நனையாமல் அவர் பின்வாங்கி, வாசல் பக்கம் திரும்பினார்.

பாட்டில் காலியாகும் வரை அவள் அதை நிமிர்த்தவில்லை.