உப்பில் வாடாத ஆற்றுவாழை

கல்முனைக் கடற்கரையில் சுனாமி கணவனையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு, ஹாஜறா கடல் இருக்கும் பக்கமே போனதில்லை. அலையோசை கேட்காத தூரத்தில், கிட்டங்கி ஆற்றோரம் கிடைத்த வீட்டில் தனியே இருந்தாள்.

யுத்தம் முடிந்த வருஷத்து மாரியில் ஆற்றை ஆற்றுவாழை மூடியது. மிதந்து படர்ந்த அந்தப் பச்சை நீர்ப்பூண்டு, அவளுடைய கொல்லைப்படி வரை ஏறி வந்தது. தம்பி மஹ்றூப் ஆட்களோடு தோணியில் வந்து, அதை அறுத்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் தள்ளிவிட்டான்.

“உப்புத்தண்ணி பட்டாச் செத்துப்போகும் ராத்தா. இனிப் பயமில்ல.”

மறுநாள் காலையில் அது படியில் கிடந்தது. ஓர் இலைகூட வாடவில்லை. ஹாஜறா ஒன்றைப் பிடுங்கினாள். வேரெல்லாம் கடல்மணல். ஈரவிரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது.

திரும்பவும் தள்ளினார்கள். திரும்பவும் வந்தது. இம்முறை மழைவெள்ளத்தோடு வந்து வீட்டை நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டது. மஹ்றூப்பின் தோணி வேலிக்கு அப்பால் சிக்கி நின்றது.

“ராத்தா, தண்ணி முழங்கால் அளவுதான். நடந்து வாங்க!”

“ஏலாதுடா தம்பி. கால் வைக்கப் பயமா இருக்கு.”

“நான் இருக்கன்தானே, வாங்க!”

பிஸ்மி சொல்லிக் காலை வைத்தாள். கால் தண்ணீருக்குள் போகவில்லை. சிமெந்துத் தரைபோல ஆற்றுவாழை தாங்கியது. மற்றக் காலையும் வைத்தாள். தம்பி ஏதோ கத்தினான். பதறித் திரும்பினாள், வாசற்படி எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. காற்றே இல்லை. பச்சைத் தரை அவளைச் சுமந்துகொண்டு, கிழக்கே கடல் பக்கமாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.