இடப்பக்கக் கதவு

"எஞ்சின், பிரேக், மடக்குற கூரை எல்லாம் புதுசாப் போடுங்க. இடப்பக்கக் கதவுப் பூட்டை மட்டும் தொடாதீங்க," என்றான் ஹேமந்த்.

"வளைவுல தானாத் திறந்துக்குதுங்க சார்," என்றார் ஹெப்பாள் மெக்கானிக் கெம்பையன்.

"பழைய காருக்கு அதுதான் அழகு. சீட் பெல்ட்டும் வேண்டாம்."

முதல் பயணம் மாதேஸ்வரன் மலைக்கு. வழி நெடுக வளைவுகள். இடப்பக்கம் மனைவி தீபா உட்காருவாள். ஹேமந்த் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஆயுத பூஜையன்று கார் தயாரானது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தீபா ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாம ஓட்டக் கத்துக்கிட்டேன். நானே மலைக்கு ஓட்டிட்டு வர்றதா மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டேங்க. ஏறுங்க."

ஹேமந்தின் பார்வை இடப்பக்கக் கதவுக்குப் போனது.

கெம்பையன் பணிவாக இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்க சொன்னபடியே இதைத் தொடவே இல்லைங்க சார்."