பாலத்துக்குக் குறி

"செஞ்சு காட்டுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர் நல்லதம்பி.

வாயால் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஆற்றங்கரையில் அந்த பாய் கையை மேலே தூக்குகிறார், இறக்குகிறார் என்றால் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இருக்கிறது. சந்தேகத்தில் இருக்கிற ஆளுக்குக் கான்ஸ்டபிளே "அவர் இவர்" என்று மரியாதை கொடுத்தால் எந்த அதிகாரிக்குத்தான் பொறுக்கும்?

தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தேன். நான் ஒரு பிசகு பிசகினால் அப்துல் மாலிக் பாய் ஜெயிலுக்குப் போய்விடுவார்.

வடக்கே சீனாக்காரனோடு சண்டை நடக்கிற நேரம். இவரோ பினாங்கில் ஒரு சீனாக்காரர் மருந்துக் கடையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவர். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? விடிகாலையில் காவிரி ஓடத்துறை மணலில் நின்று வில் இழுக்கிற மாதிரி கையை இழுக்கிறார். குறி நேராக ரயில் பாலத்துக்கு. அப்புறம் தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் முஷ்டியை மடக்கிக்கொண்டு முறைக்கிறார்.

பார்த்தவன் ஸ்டேஷனுக்கு ஓடி வராமல் என்ன செய்வான்?

அவரைக் கண்காணிக்க ஆள் போட்டார்கள். ஸ்டேஷனில் காளை மாதிரி அத்தனை பேர் இருக்க, ஐப்பசி பிறந்தாலே இளைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிற என்னைப் போய். பனியில், ஆற்றங்கரையில், வாழைக்குப் பின்னால். இன்ஸ்பெக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். மனசுக்குள்தான்.

நான் ஒளிந்திருந்த லட்சணம் இருக்கிறதே! என் நெஞ்சு போட்ட விசில் ஸ்ரீரங்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மாலிக் பாய் திரும்பக்கூட இல்லை. "அங்க பனி கொட்டுதுங்க ஏட்டையா. பக்கத்துல வந்து நின்னு பாருங்க" என்றார்.

போய் நின்றேன். நின்றவன் சும்மா நிற்பானேன் என்று கையைத் தூக்கினேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் நெஞ்சுக்கு ஆகாத மாதங்களாம். அதனால் இப்போது வில் இழுப்பதுதான் அதிகம் வேண்டுமாம். வெயில் காலத்துக்கு வேறு இருக்கிறதாம். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இதற்கு ஒரு பேர்கூடச் சொன்னார், சீகோங் என்று, சீனாக்காரர்களின் மூச்சுப் பயிற்சியாம். சண்டை நேரத்தில் வாயில் எடுக்கிற பேரா அது!

அறுபதைத் தாண்டிய மனுஷன். ஆற்றுக் காற்றில் எனக்குப் பல் தந்தியடிக்கும், அவர் மெல்லிசுச் சட்டையோடு நிற்பார். கையைத் தூக்குகிற மாதிரியே தெரியாது. பால் பொங்கி வருகிற மாதிரி அது பாட்டுக்கு எழும். அப்படி ஒரு அழகை என் ஆயுசில் பார்த்ததில்லை. இவரையா உள்ளே தள்ளுவது?

அந்தக் கைகளை நினைத்துக்கொண்டே என் கையைத் தூக்கினேன்.

வாசலில் ரைட்டர் ராசப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "கதவைச் சாத்திட்டுப் போய்யா" என்று இன்ஸ்பெக்டர் அவனை விரட்டினார்.

அந்தக் கதவைக் கண்டாலே எங்களுக்குக் கிலி. தினம் காலையில் இன்ஸ்பெக்டர் வந்ததும் அதைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து பூட்ஸ் சத்தம் வரும். டக், டக். ஐயா சூடாக இருக்கிறார் என்று ஆளுக்கொரு மூலையில் பதுங்குவோம். இன்றைக்கு அந்தக் கதவுக்கு உள்ளே நான்.

வில்லை இழுத்தேன். "இந்தப் பக்கம் இழுத்தா பாலம்ங்க ஐயா. அந்தப் பக்கம் இழுத்தா எருமை குளிக்குற இடம். அதை மட்டும் யாரும் வந்து சொல்லலீங்க."

அவர் சிரிக்கவில்லை.

தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன். கழுத்துக்கு நல்லது என்று விளக்கம் சொன்னேன். முஷ்டியை மடக்கி முறைத்தேன். இன்ஸ்பெக்டரை முறைத்துவிட்டு வேலையில் இருக்கிற கான்ஸ்டபிள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

"இதுக்குப் பேர் என்ன?"

தொண்டை வரைக்கும் வந்த சீனப் பேரை விழுங்கினேன். "ஏதோ மூச்சுக் கசரத்துங்க ஐயா."

"அவ்வளவுதானா?"

"கடைசியா ஒண்ணு இருக்குங்க."

மூச்சை இழுத்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தினேன். மூச்சை விட்டுக் கீழே போட்டேன்.

டக்.

மறுபடி உயர்த்தினேன். டக்.

அடுத்த தடவை குதிகால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. இந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்கிறேன்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டாளத்துல மலாயாவுல, ஈப்போவுல இருந்தப்ப எனக்கும் உன்னை மாதிரிதான் இளைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. இதை அங்கதான் கத்துக்கிட்டேன்" என்றார். "பாலத்துக்குக் குறி வைக்கிறார்னு அந்த ஆள் ஓடி வந்து சொன்ன உடனேயே இது என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஸ்டேஷன்ல இத்தனை பேர் இருக்க, உன்னை எதுக்குய்யா அனுப்பினேன்? ஒழுங்கா கத்துக்கிட்டியான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாலிக் பாய் மேல ஒரு தூசி விழாது. ரிப்போர்ட்டை நான் எழுதிக்கறேன். பனி விலகுற வரைக்கும் நீ தினம் போய்க் கண்காணி."

விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

ராசப்பன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னய்யா பிச்சமுத்து, வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரா? பூட்ஸ் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டுச்சே!"

"ஆமாய்யா" என்றேன். "பனி விலகுற வரைக்கும் எனக்கு ஆத்தங்கரை டியூட்டிதானாம்."

"அடப் பாவமே" என்று அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான்.