எபிசோடுக்கு மூணு லட்சம்

"மேடம், ஒரு பராதி கொடுக்கணுமுங்க."

கேரள எல்லையில், ரேஷன் கார்டு கொடுக்கும் தாலுக்கா சப்ளை ஆபீசில் கிளார்க் கௌசிகா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே காக்கிச் சட்டையில், வியர்த்து வழிந்தபடி, புகார் கொடுக்க வந்த ஒரு ஆள்.

"யாரு மேலீங்ணா?"

"டிவியில வர்றானே சந்துரு, அவன் மேலீங்க."

கௌசிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்துருவின் காமெடி ஷோ ஓடாத தமிழ் வீடு கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே கிடையாது.

"அவரு என்னங்ணா பண்ணினாரு?"

"லட்சம் லட்சமாச் சம்பாரிச்சுக்கிட்டு, ஏழைங்க அரிசியைத் தின்னுட்டு இருக்கானுங்க!"

இதைச் சொல்வதற்காகவே அருள்குமார் ஒரு மாங்காய் லோடை வேண்டாமென்று விட்டுவிட்டு, கோவிந்தாபுரத்திலிருந்து லோடு ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்திருந்தான். அவ்வளவு வயிற்றெரிச்சல்.

எரியாமல் என்ன செய்யும்? பத்து வருஷம் முன்னால் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழா நாடகத்தில் இருவரும் ஒரே மைக்கைப் பிடித்தவர்கள். செக்போஸ்ட் போலீசாக சந்துரு, தக்காளி லாரி டிரைவராக அருள்குமார். வசனமெல்லாம் அருள்குமார் எழுதியது. அப்புறம் சந்துரு சென்னைக்கு பஸ் ஏறினான். தனியாக நின்று பேசும் ஸ்டாண்டப் காமெடி என்று ஊர் ஊராக அலைந்தான். கடைசியில் ஒரு வீடியோ ஓடி, டிவிக்காரர்கள் கூப்பிட்டு, இப்போது கோட்டு சூட்டோடு அவன்தான் ஷோவையே நடத்துகிறான்.

கல்யாணம் ஆகிவிட்டதால் தன்னால் சென்னைக்குப் போக முடியவில்லை என்பது அருள்குமார் சொல்லும் காரணம். சந்துரு கூப்பிட்டபோது பயந்துவிட்டான் என்பது அவன் மனைவி யோகப்பிரியா சொல்லும் காரணம்.

அருள்குமார் செல்போனை நீட்டினான்.

"நீங்களே பாருங்க. 'சந்துருவின் வருமானம் எவ்வளவு?' எபிசோடுக்கு மூணு லட்சமாமா! துபாய்ல ஷோ பண்ணுனா அஞ்சு லட்சமாமா! சென்னையில ஃபிளாட்டு வேற!"

"இருக்கட்டுமுங்ணா. அதுக்கு நாங்க என்ன பண்றது?"

"அவங்கம்மா வள்ளியாத்தாள் நேத்து ரேஷன் கடையில பையோட நிக்குதுங்க. மகன் மூணு லட்சம் வாங்கறான், அம்மா பிங்க் கார்டுல ஓசி அரிசி வாங்குது. இது நாயமுங்களா?"

பிங்க் கார்டு என்றால் லேசில்லை. இல்லாதப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பது. அரிசி இலவசம், ஆஸ்பத்திரிச் செலவிலும் சலுகை.

அதன் அருமை அருள்குமாருக்குத் தெரியும். யோகப்பிரியாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவனிடம் இருந்தது அந்தச் சலுகை எதுவும் இல்லாத வெள்ளைக் கார்டு. பிங்க் கார்டுக்காக இரண்டு வருஷம், அரசு விண்ணப்பம் போடும் அக்ஷயா சென்டருக்கும் பஞ்சாயத்துக்கும் நடந்தான். யாராவது திருப்பிக் கொடுத்து இடம் காலியானால்தான் உண்டு என்றார்கள். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான். கார்டு வந்து, அந்தச் சலுகையில்தான் ஆபரேஷன் நடந்தது. இன்று அவள் எழுந்து நடமாடுகிறாள்.

"நானெல்லாம் யார் கால்லயும் விழாம, நடையா நடந்து கார்டு வாங்கினவனுங்க. இவனாட்டம் பணக்காரனுங்க எடத்தைப் புடிச்சுட்டு உக்காந்தா, இல்லாதவன் எங்கீங்க போவான்?"

கௌசிகா கம்ப்யூட்டரில் தேடினாள்.

"வள்ளியாத்தாள், கோவிந்தாபுரம்… இது வெள்ளைக் கார்டுங்ணா. அதுலயும் அரிசி உண்டு, ஆனா காசுக்கு. பிங்க் கார்டைத் திருப்பிக் கொடுத்து மூணு வருசமாச்சு."

"அவனா கொடுத்தான்? ஃபைன் போட்டுருவாங்கன்னு பயந்திருப்பான்."

"இல்லீங்ணா. அப்ப அவருக்கு டிவி சான்ஸே கெடைக்கல. சென்னையில ரூம் வாடகைக்கே கஷ்டம்னாரு. 'உங்களுக்குத் தகுதி இருக்குதே, ஏன் கொடுக்கறீங்க?'ன்னு நானே கேட்டேன்."

"பேப்பர்ல போட்டோ வரும்னு கொடுத்திருப்பான்."

"அதுவுமில்லீங்ணா. 'என் சிநேகிதன் சம்சாரம் ஹார்ட் ஆபரேஷனுக்குக் காத்துட்டு இருக்குது. எங்க கார்டு போனா அந்த எடம் அவனுக்குக் கெடைக்குமா?'ன்னு கேட்டாரு. லிஸ்டைப் பார்த்தேன். அடுத்த பேரு அந்தச் சிநேகிதனோடதுதான். ஒடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு."

அருள்குமார் செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. 'நான் கொடுத்ததுன்னு அவனுக்குத் தெரியக் கூடாதுங்க. ரோசக்காரன், தெரிஞ்சா வாங்க மாட்டான்'னு. அந்த ஆளுக்குத்தானே தெரியக் கூடாது? உங்ககிட்டச் சொன்னா என்ன!"

"அந்த ஆளு… பேரு என்னங்க?" அருள்குமார் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அருள்குமார். உங்க ஊருதானுங்ணா, தெரிஞ்சிருக்குமே?"

கௌசிகா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சரிங்ணா, உங்க பராதியை எழுதிக்கலாம். உங்க பேரைச் சொல்லுங்க."