பால்கனி ஓடை

பால்கனியில் வெயில் கொளுத்தியது. ஆனாலும் அங்குள்ள ஓடையில் வீட்டு மின்சாரத்துக்காக வளர்த்த பச்சைப் பாசி துளியும் தராமல் அழுத்தமாகக் கிடந்தது. உள்ளே மகள் நிறைமதிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்க, நெபுலைசர் பாதியில் நின்றுபோனது.

வெயில் மட்டும் இருந்தால் இந்தப் பாசி வேலை செய்யாது. அதன் மீது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுப் பால்கனி வழியாகவும் மாடி மாடியாக இறங்கிவரும் ஓடையை மேல்வீட்டுக்காரிதான் அடைத்திருப்பாள் என்று பூங்கோதை படியேறிப்போய்க் கத்தினாள்.

"இங்க ஜம்முன்னு ஓடுது. உங்க வீட்ல போய்ப் பாருங்கக்கா" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

பூங்கோதை திரும்பிவந்து பூந்தொட்டிகளை விலக்கினாள். ஓடை உள்ளே நுழையும் வாயில் ஒரு டியூப் செருகியிருந்தது. அதன் மறுமுனை நீல டிரம்முக்குள் இருந்தது.

"என்னங்க இது? புள்ள மூச்சுக்குத் தவிக்குது, நீங்க தண்ணி புடிச்சு வைக்கிறீங்களா?"

"நாளைக்கு வரலேன்னா?" என்றான் கணவன் தனபால்.

அவள் டியூபைப் பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் சலசலத்தது. பாசியில் குமிழ்கள் கிளம்பின. நெபுலைசர் மறுபடி உறுமியது. மகளுக்கு மாஸ்க்கைப் பொருத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

தனபால் மகள் பக்கம் திரும்பவே இல்லை. ஓடை கீழ்வீட்டுக்கு இறங்கும் துளையையே பார்த்துக்கொண்டு நின்றான், கையில் காலி வாளியோடு.