ஒரு கட்டைச் சுருதி

கோவில்பட்டியில் எஸ்.வி. பாகவதர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: கோயில் கொடை நாடகத்தில் ராஜா வேசம் கட்ட அவரைப் பேச வந்த பசுவந்தனைக் கொடைக் கமிட்டித் தலைவர் அய்யாத்துரை, பொருளாளர் செல்லத்துரை, பாகவதரின் ஆர்மோனியக்காரர் சுல்தான். உள்ளே பாகவதர் பாட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மத்த ராஜபார்ட்டெல்லாம் அஞ்சு கட்டைன்னு உச்சத்துல கத்துதானுவ. இவிய ஒரு கட்டைன்னு தணிஞ்ச சுருதியில பாடினா நெஞ்சுக்கூடே அதிருது," என்றார் அய்யாத்துரை.

"அவியளுக்குன்னே பெட்டியை அந்தச் சுருதியில வச்சிருக்கேன் அண்ணாச்சி," என்றார் சுல்தான்.

"ஆனா ஒரு கண்டிசன்," என்றார் அய்யாத்துரை. " போன வருசம் ஸ்திரீபார்ட்டா ஆடுன பொம்பளையைப் பாத்து இளவட்டங்க விசிலடிச்சு அடிதடி ஆயிட்டு. இனி எங்க மேடையில பொம்பளை ஏறக் கூடாது. எல்லா வேசத்துக்கும் ஆம்பளைதான்."

சுல்தான் இருமினார்.

உள்ளே பாட்டு நின்றது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

செல்லத்துரை முகத்தைச் சுளித்தார். "பாகவதரை வரச் சொல்லுத்தா."

"அதான் வந்துட்டேன்லா. சொல்லுங்க."

உள்ளே பாடிக்கொண்டிருந்த அதே கனத்த குரல். நோட்டீசில் வரும் எஸ்.வி. யார் என்பது அய்யாத்துரைக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"சரி, ஊருக்குத் தெரிய வேண்டாம். எப்பவும் போல மீசையை ஒட்டிக்கிட்டு ஆடிட்டுப் போயிருங்க."

"பன்னண்டு வருசம் அப்படித்தான் ஆடினேன். இனி நோட்டீசில எஸ்.வி.ன்னு சுருக்காம செண்பகவல்லின்னு முழுப் பேரும் போட்டாத்தான் வருவேன். இந்த ஊரு அம்மன் பேருதானே, போட என்ன கூச்சம்?"

"கமிட்டி ஒத்துக்கிடாதே."

"அப்ப கமிட்டியே வேசங்கட்டி ஆடட்டும். எந்திரிங்க, எனக்குப் பாடம் கிடக்கு."

கமிட்டிக்காரர் இருவரும் தெருவில் இறங்கினார்கள். அய்யாத்துரை திரும்பி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.