வாலைக் கழற்றினால் வேறு வகை

"உயிர் இருக்குதா இல்லையா, அதை மொதல்ல சொல்லும்மா."

நடுவர் மாதேஷ் மேசை மேல் இருந்ததைப் பேனாவால் தட்டினார். சேலத்தில் ஆசிரியர்களுக்கான அறிவியல் மாடல் போட்டி. காலையிலிருந்து எரிமலையாகவே பார்த்துச் சலித்த முகம் அவருக்கு.

"ரெண்டுங்கெட்டான் சார்," என்றாள் ஃபெபி, ஏற்காட்டு மலைப் பள்ளியின் அறிவியல் டீச்சர். "வெளிய கிடந்தா வெறும் தூசி. ஒரு செல்லுக்குள்ள பூந்துட்டா, ஊட்டுக்காரனையே வேலை வாங்கி, தன்னை மாதிரியே ஆயிரம் செஞ்சுக்கும். அதாங்க வைரஸ்."

பக்கத்தில் நின்ற ஆய்வக உதவியாளர் டொமினிக்குக்கு டிசம்பர் மாதத்திலும் வேர்த்துக் கொட்டியது. முதல் பரிசு ஒரு புது மைக்ராஸ்கோப். பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் மலை ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருந்தது. வெங்காயத் தோலை வைத்தாலும் பூஞ்சை, எறும்புக் காலை வைத்தாலும் பூஞ்சை. எறும்பு ஒரு வகைப் பூஞ்சை என்று பிள்ளைகள் பரீட்சையிலேயே எழுதிவிட்டார்கள்.

"பளபளன்னு இருக்குதே, இந்தத் தாள் என்ன?"

"கொழுப்பு உறை சார். சோப்புப் போட்டா கரையறது இதுதான். சுத்தியும் நிக்கிற முள்ளு, செல்லோட கதவைத் திறக்கிற சாவி. உள்ள பாருங்க." ஃபெபி தாளில் இருந்த கிழிசலை விரல் விட்டுப் பெரிதாக்கினாள். டொமினிக் கண்ணை மூடிக்கொண்டான். "முறுக்கிக் கிடக்கிற ரெட்டை ஒயரு டி.என்.ஏ. சில வைரஸ்ல இதுக்குப் பதிலா ஆர்.என்.ஏ. இருக்கும், அது பெரும்பாலும் ஒத்தை ஒயரு. எதைச் சுமக்குதுங்கறதை வெச்சுத்தான் வகை பிரிக்கறாங்க."

"நொம்ப சரி. ஆனா இப்படி முள்ளு இருக்கறதுக்கு வால் இருக்காதேம்மா. இது எந்த வகை?"

டொமினிக் வாலைக் கையால் மறைத்தான். ஃபெபி கண்ணிமைக்கவில்லை.

"எல்லா வகையும் இதுலயே இருக்குதுங்க சார். அண்ணா, வாலைக் கழட்டுங்க."

கழற்றினான்.

"இப்ப இது மனுசனைப் பிடிக்கிற உருண்டை வகை." முந்தானையால் முட்களை மூடினாள். "வாலை மாட்டுங்க. இது பாக்டீரியாவைப் பிடிக்கிறது." வாலைப் பிடுங்கிக் குழலாகச் சுருட்டி நடுவர் கையில் கொடுத்தாள். "இது புகையிலைச் செடியைப் பிடிக்கிற குழல் வகை."

நடுவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எரிமலையை எரியவிட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"இன்னொரு தடவை கழட்டுப்பா," என்றார் நடுவர். டொமினிக் கழற்றினான், மாட்டினான். கூட்டம் கை தட்டியது. "இத்தனை வருசமா பாடம் எடுக்கறேன். கழட்டி மாட்டற வைரஸை இப்பத்தான் பார்க்கறேன். பரிசு உங்களுக்குத்தான்."

ஜீப் குப்பனூர் தாண்டி மலையேறும்போது, மடியில் மைக்ராஸ்கோப் பெட்டியோடு இருந்த டொமினிக்கின் செல்போன் அடித்தது. ஏற்காட்டிலிருந்து, சர்ச் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆரோக்கியதாஸ். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனுங்க டொமினிக், கோயிலுக்குன்னு ஜீப்ல ஏத்திவிட்ட கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைச் சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டு, ஆறு காலு வெச்ச என்னமோ ஒண்ணை இங்க இறக்கிட்டீங்களே?"

"அதுதானுங்க எங்க வைரஸ் மாடலு. நட்சத்திரத்தை இதோ, வாலோட கொண்டு வந்துட்டு இருக்கோமுங்க," என்றாள் ஃபெபி.

"இனி வேண்டாமுங்க டீச்சர். ஆறு காலும் ஏசு பாலனைப் பார்க்க வந்த மூணு ராசாக்களோடதுன்னு ஃபாதர் விளக்கம் சொல்லி, தீர்த்தம் தெளிச்சு, கோபுரத்துல ஏத்தியாச்சு."